மத்தியானம் இழுக்காத லோரி: எஞ்சினுக்குப் போகும் காற்றின் சூட்டைக் குறைப்பது எப்படி?

சுங்காய் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் ஆறு சக்கர லோரி. நான்கு சிலிண்டர். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊதும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இண்டர்கூலரும் உண்டு. காலையில் முதல் நடை நன்றாக இழுக்கிறது. மத்தியானம் மூன்றாவது நடையில் அதே பாரம், அதே மேடு, ஆனால் ஒரு கியர் இறக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கறுப்புப் புகையும் வருகிறது. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறதாம். அதைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் அலுமினியக் குழாய் போட்டு, மேலே வெப்பத்துணி சுற்றித் தர 900 வெள்ளி கேட்கிறார்கள். செய்யலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, அந்த 900 வெள்ளியை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள். நான் தாப்பாவில் இருபது வருடத்துக்கு மேலாக லோரி எஞ்சின் வேலை பார்க்கிறேன். குலை லோரி, கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரி என்று எல்லாம் பட்டறைக்கு வரும். குழாய் சுடுகிறதே என்று குழாயை மாற்றியவர்கள் பலர் அதே குறையோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். குழாய் சுடுவது வேறு, அதற்குள் ஓடும் காற்று சுடுவது வேறு. எஞ்சினுக்குக் கணக்கு இரண்டாவதுதான். அது எங்கிருந்து சூடாகி வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சூடு எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். காற்று சூடானால் விரியும்; அதே இடத்துக்குள் எடை குறையும். கணக்கு போடும்போது செல்சியஸோடு 273ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 30 டிகிரி என்பது 303 ஆகும், 60 டிகிரி என்பது 333 ஆகும். ஆக, 30 டிகிரிக் காற்றை இழுக்க வேண்டிய எஞ்சின் 60 டிகிரிக் காற்றை இழுத்தால், கிடைக்கும் காற்றின் எடை சுமார் 9 விழுக்காடு குறைந்துவிடும். மூன்று டிகிரிக்கு ஒரு விழுக்காடு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இதை உங்கள் லோரிக்குப் பொருத்திப் பாருங்கள். நம் பக்கம் விடியற்காலை 24 டிகிரி, மத்தியானம் 33. ஒன்பது டிகிரி வித்தியாசம், மூன்று விழுக்காடு காற்று. மூன்று விழுக்காட்டுக்கு ஒரு கியர் இறங்காது. ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரிகிறது என்றால், வெயிலோடு வேறு ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது. முதல் நடையில் கேபினுக்கு அடியில் சூடு ஏறியிருக்காது. மூன்றாவது நடைக்குள் ஆலையில் எடை போடக் காத்திருந்து, எஞ்சினும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸும் அடுப்பு மாதிரி ஆகியிருக்கும். அந்தச் சூட்டை எஞ்சின் எங்கோ ஓர் ஓட்டை வழியாக உறிஞ்சுகிறது, அல்லது இண்டர்கூலர் தன் வேலையைச் செய்யவில்லை. எனக்குத் தோன்றுவது இந்த இரண்டும்தான். கறுப்புப் புகை வருவதால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது பத்து நிமிட வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டர்போ இருக்கும் வண்டியில் உள்ளே போகும் சூடு அப்படியே நிற்காது, பெருகும். காற்றை இரண்டு மடங்கு அழுத்தும் சாதாரண டர்போவுக்குள் 30 டிகிரிக் காற்று போனால் வெளியே வரும்போது 125 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். 60 டிகிரியில் போனால் 160ஐத் தாண்டும். முப்பது டிகிரி வித்தியாசம் நாற்பதாக வளர்ந்துவிடுகிறது. அத்தனையையும் இண்டர்கூலர் இறக்கியாக வேண்டும். இறக்க முடியாத மிச்சம் சிலிண்டருக்குள் போகிறது. பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால், காற்று குறைந்தது தெரியாமல் அதே அளவு டீசலைத் தள்ளும். சரியாக எரியாமல் கறுப்புப் புகை வரும், புகைக்குழாய்ச் சூடும் ஏறும். கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் எஞ்சின் என்றால் சென்சார் பார்த்து டீசலைக் குறைத்துக்கொள்ளும். புகை அவ்வளவாக வராது, இழுவை மட்டும் இறங்கும்.

இப்போது அந்தக் குழாய்க்கு வருவோம். உங்கள் எஞ்சின் ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். நிமிடத்துக்கு 2400 சுற்றில் டர்போ முழுதாக ஊதும்போது அது வினாடிக்கு சுமார் 160 லிட்டர் காற்றை இழுக்கும். நான்கு அங்குலக் குழாய்க்குள் அந்தக் காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒன்றரை மீட்டர் நீளக் குழாயைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லை விரல் நுனியால் சட்டென்று தட்டி எடுக்கிறோமே, அப்படித்தான். கல் கொதிக்கிறது, விரலுக்குச் சூடு ஏற நேரம் இல்லை. அவ்வளவு காற்றை ஒரே ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 190 வாட் தேவை. சுற்றியிருக்கும் 70 டிகிரிக் காற்றும், சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியேற்றும் இரும்புக் குழாயான மேனிஃபோல்டின் அனலும் சேர்ந்து குழாய்ச் சுவர் வழியாக அறுநூறு வாட் ஏற்றினால்கூடக் காற்று மூன்று டிகிரிதான் சூடாகும். அதாவது ஒரு விழுக்காடு. குழாயின் மேல் எவ்வளவு நல்ல துணியைச் சுற்றினாலும் நீங்கள் மீட்கப்போவது அந்த ஒரு விழுக்காட்டில் ஒரு பகுதியைத்தான்.

அலுமினியம் அந்த இடத்துக்குப் பொருந்தாத உலோகம். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும்விட அது சுமார் ஆயிரம் மடங்கு சூட்டைக் கடத்தும். ஓடும்போது அந்த ஆயிரம் மடங்கு அப்படியே வெளிப்படாது. காற்று வேகமாகப் போவதால் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம் வரும். இருந்தாலும் காசு கொடுத்து எதிர்ப்பக்கம் போக வேண்டுமா? அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அந்தக் குழாய் ஃபில்டருக்குப் பிறகு இருப்பது. புதுக் குழாய் போட்டால் இரண்டு மூன்று புது மூட்டுகள் வரும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கிளிப். தோட்டச் சாலைக் குலுக்கலில் ஒரு கிளிப் தளர்ந்தால் போதும், செம்மண் தூசி ஃபில்டரைத் தொடாமல் நேராக டர்போவுக்குள் போகும். முதலில் டர்போவின் இதழ்கள் தேயும், அப்புறம் பிஸ்டன் ரிங். ஒரு எஞ்சினே போய்விடும்.

ஆலையில் காத்திருக்கும்போது குழாயைத் தொட்டுப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, அது இழுக்கும் காற்று முழுப் பாரத்தில் இழுப்பதில் ஆறில் ஒரு பங்குதான். அதனால் அந்த நேரத்தில் காற்று பத்து, பதினைந்து டிகிரி சூடாகத்தான் செய்யும். ஆனால் அப்போது உங்களுக்கு இழுவை வேண்டியதில்லை. வண்டி கிளம்பி வெளிக்காற்று வேகமாக உள்ளே ஓட ஆரம்பித்ததும் குழாயின் உள்சுவர் சீக்கிரம் ஆறிவிடும்.

சரி, அப்படியானால் முதலில் கணக்குப் போட்ட அந்த முப்பது டிகிரிச் சூடு எங்கிருந்து வரும்? மூக்கிலிருந்து. எஞ்சின் மூச்சு இழுக்கும் வாய் எந்த இடத்துக் காற்றை எடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேபின் முன்பக்கம் கவிழும் ஜப்பான் லோரிகள் பலவற்றில் காற்று வாய் கேபினுக்குப் பின்னால், உயரத்தில் இருக்கும். அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் குழல் கீழே இறங்கி, சேசிஸில் இருக்கும் ஃபில்டர் பெட்டியோடு சேரும். மேல்குழல் கேபினோடு நிற்கும் வகை வண்டிகளில், கேபினைத் தூக்கினால் குழல் இரண்டாகப் பிரியும். இறக்கினால் துருத்தி போல மடிப்புள்ள ஒரு ரப்பர் அமுங்கி இரண்டையும் சேர்த்துவிடும். பத்து வருட வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் அந்த ரப்பர் இறுகிப்போகும், ஓரம் பிளக்கும். சில வண்டிகளில் அது கழன்று விழுந்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அது ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் எஞ்சின் உடனே கெடாது. சத்தமும் வித்தியாசமாக இருக்காது. ஆனால் அந்த நாளிலிருந்து எஞ்சின் மேலேயிருக்கும் குளிர்ந்த காற்றை விட்டுவிட்டு, கேபினுக்கு அடியில் ரேடியேட்டரைக் கடந்து வரும் அனலை இழுத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். கேபினைத் தூக்கி, முட்டுக்கம்பியைப் பூட்டிய பிறகு, ரப்பரின் மேல்விளிம்பைத் துணியால் துடைத்து, சுற்றிலும் தடிப்பாகச் சாக்பீஸ் பூசுங்கள். கேபினை மெதுவாக இறக்கிப் பூட்டுங்கள். மறுபடியும் தூக்கி, மேல்குழலின் வாயைப் பாருங்கள். வெள்ளை வட்டம் முழுதாக ஒட்டியிருந்தால் ரப்பர் சரியாக அமர்கிறது. வட்டம் பாதியில் அறுந்திருந்தால், அறுந்த இடமெல்லாம் சூட்டுக் காற்றின் வாசல். சென்ற வருடம் ஒரு குலை லோரியில் வட்டத்தில் முக்கால் பங்கு காணவில்லை; கால் பங்கு மட்டும் பிறை நிலா மாதிரி ஒட்டியிருந்தது. ரப்பரை மாற்றியதோடு அந்த வண்டியின் குறை தீர்ந்தது. உங்கள் வண்டியில் அந்த மூட்டே இல்லை, குழல் முழுவதும் சேசிஸில் நிற்கிறது என்றால் குழலின் நீளம் முழுக்க விரிசல் இருக்கிறதா, ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக அமர்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள்.

நானும் இதில் ஒரு தவறு செய்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் ஆசைப்பட்டார் என்று பெட்டியைக் கழற்றிவிட்டு, கேபினுக்கு அடியிலேயே திறந்த கூம்பு ஃபில்டர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். டர்போ ஊதும் சத்தம் நன்றாகக் கேட்டது, அவருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து மேட்டில் இழுக்கவில்லை என்று வந்தார். அளந்து பார்த்தேன்: வெளியே 32 டிகிரி, ஃபில்டர் முன்னால் 68. பத்து விழுக்காட்டுக்கு மேல் காற்றை நானே பறித்துவிட்டிருந்தேன். அன்றைக்கே பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினேன், கூலி வாங்கவில்லை. அதற்குப் பிறகு அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மோமீட்டர் மலிவாகவே கிடைக்கும். ஒரு முனையைப் பக்கக் கண்ணாடித் தண்டில் நிழலாகக் கட்டுங்கள். இன்னொன்றை ஃபில்டர் பெட்டிக்குள், ஃபில்டருக்கு முன்பக்கம், சுவரைத் தொடாமல் தொங்கவிடுங்கள். ஃபில்டருக்குப் பின்பக்கம் எதையும் விடாதீர்கள். கழன்றால் டர்போவுக்குள் போய்விடும். பாரத்தோடு மேடேறும்போது பக்கத்தில் உட்காருகிறவர் இரண்டு அளவையும் எழுதிக்கொள்ளட்டும். ஐந்து டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் மூக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவேன். பத்தைத் தாண்டினால் ஓட்டையைத் தேடுவேன். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் மீட்டரைப் பளபளக்கும் குழாயில் காட்டி ஏமாறாதீர்கள். பளபளக்கும் உலோகம் தன் சூட்டை வெளியே காட்டாது, எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கும். அளவு உண்மையைவிடக் குறைவாக வரும். அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேல் காட்டி அளந்தால் உண்மை தெரியும். அலுமினியக் குழாய் விற்கிறவர்கள் சூடு இறங்கியதாக மீட்டரில் காட்டுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதே பளபளப்பை நமக்கு உதவியாகவும் திருப்பிக்கொள்ளலாம். மேனிஃபோல்ட் பாரத்தில் 500 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் துருப்பிடித்த இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டுக்கும் மேல் அனலை வீசும். இந்த அனல் ஒளி மாதிரி நேர்கோட்டில் போகும். வழியில் ஒரு தகடு நின்றால் அங்கேயே தடுக்கப்படும். ஆகவே குழாயைச் சுற்றிப் போர்த்துவதைவிட, மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் நடுவில், இரண்டையும் தொடாமல், ஒரு விரற்கடையாவது இடைவெளி விட்டு ஒரு தகட்டை நிறுத்துவது மேல். தகட்டின் இரு பக்கமும் காற்று ஓடி அதைக் குளிர வைக்கும். கம்பெனி போட்ட தகடு பல லோரிகளில் ஏற்கெனவே இருக்கும். மெக்கானிக் ஒருவர் கழற்றியபோது திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டை வெட்டி வளைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துப் பட்டறையில் பெரிய பிஸ்கட் டின்னை வெட்டித்தான் போடுவார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டின்னின் மேல் இருக்கும் வெள்ளீயப் பூச்சு 232 டிகிரியில் உருகிவிடும், அப்புறம் துரு ஏறும். மேனிஃபோல்டுக்கு மிகப் பக்கத்தில் அது தாங்காது.

தகடு பளபளப்பாக இருக்கும் வரைதான் முழுப் பலன். எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து களிம்பு மாதிரி படிந்துவிட்டால் அது அனலைத் திருப்பாது, தானே வாங்கிக்கொண்டு மறுபக்கம் வீச ஆரம்பிக்கும். எண்ணெய் மாற்றும் நாளில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஒரு துணியில் டீசல் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். டீசல் பிசுக்கு அங்கே மிச்சம் இருக்கக் கூடாது.

மேனிஃபோல்டையும் புகைக்குழாயையும் கண்ணாடி நார்த் துணியால் சுற்றுவது பற்றியும் கேட்பீர்கள். அனல் குறையும், உண்மைதான். ஆனால் குலை லோரிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். மழையில் நனைந்த துணி ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும். எங்கேயாவது எண்ணெய்க் கசிவு இருந்தால் துணி அதைக் குடித்துக்கொண்டு பற்றிக்கொள்ளும். செம்பனை லோரியில் எஞ்சினைச் சுற்றிக் காய்ந்த நாரும் சருகும் எப்போதும் சேரும். அதோடு எண்ணெய்த் துணியும் சேர்ந்தால் வண்டி எரிவதற்கு வேறு எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை மேனிஃபோல்ட் பக்கத்தில் கைவிட்டு அந்த நாரை எடுத்துப் போடுங்கள். சூட்டுக்காக இல்லாவிட்டாலும் தீக்காக.

டர்போவுக்குப் பிறகு இருக்கும் இரண்டு குழாய்களில் பலர் தடுமாறுகிறார்கள். டர்போவிலிருந்து இண்டர்கூலருக்குப் போகும் குழாய்க்குள் 120 டிகிரிக் காற்று ஓடுகிறது. சுற்றியிருப்பது 70 டிகிரி. அங்கே சூடு குழாயிலிருந்து வெளியே போகிறது, நமக்கு நல்லது. அதைப் போர்த்தினால் போகிற சூட்டைப் பிடித்து வைத்தது போலாகும். இண்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் குழாயில்தான் குளிர்ந்த காற்று. அது மேனிஃபோல்டுக்குப் பக்கமாகப் போனால் அதற்கு ஒரு தகடு வைக்கலாம்.

உங்கள் லோரியில் மூக்கு சரியாக இருந்தால், நான் அடுத்துச் சந்தேகப்படுவது இண்டர்கூலரைத்தான். அது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். இண்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விளக்கடித்துப் பாருங்கள். செம்பனைப் பஞ்சு, பூச்சி, செம்மண் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தோட்டக் குழாயின் சாதாரணத் தண்ணீர் வேகத்தில் கழுவுங்கள். கார் கழுவும் பிரஷர் பம்பைக் கிட்டே வைத்து அடித்தால் மெல்லிய இதழ்கள் மடிந்து, அடைப்பு நிரந்தரமாகிவிடும். ரேடியேட்டர் ஓரங்களில் இருக்கும் பஞ்சுப் பட்டைகளும் விசிறியைச் சுற்றிய கூண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்று ஓரமாக முன்னால் திரும்பி வந்து மறுபடியும் இண்டர்கூலருக்குள்ளேயே போகும். மெதுவாக மேடேறும்போது இது அதிகம். மத்தியானக் குறைக்கு இது ஒன்றே காரணமாகவும் இருக்கலாம்.

உங்கள் அப்பா எப்போதாவது தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். தானா ராத்தா சுமார் 1440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 16 விழுக்காடு குறைவு. ஆனால் 33 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்குவதால் குளிர் நான்கு விழுக்காட்டைத் திருப்பித் தந்துவிடும். மூக்கு நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் அந்த நான்கு விழுக்காடு கிடைக்கும். கேபினுக்கு அடியிலிருந்து இழுக்கும் வண்டி மலையுச்சியிலும் அனலைத்தான் இழுக்கும்.

டீசல் மிச்சமாகுமா என்றால், பாரத்தோடு மேடேறும்போது கொஞ்சம் ஆகலாம். வெறும் வண்டியாகச் சமதரையில் திரும்பும்போது ஒன்றும் மாறாது. அப்போது டீசல் எஞ்சினில் தேவைக்கு மேலேயே காற்று இருக்கும். பத்து, இருபது விழுக்காடு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று வாயைக் கீழே பம்பர் பக்கம் இறக்கிவிடவும் வேண்டாம். மழைக்காலத்தில் தோட்டச் சாலையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு மடக்குத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வாய் உயரத்திலேயே இருக்கட்டும், மழை நேராக அடிக்காத பக்கம் பார்த்திருக்கட்டும். ஃபில்டர் பெட்டியின் அடியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு சின்ன ரப்பர் தொங்கும். தண்ணீரும் தூசியும் வடிவது அதன் வழியாகத்தான். அதை விரலால் அமுக்கிப் பாருங்கள்: வாய் திறந்து மூடினால் சரி; கல்லாக இறுகியிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ, அந்த ஓட்டை வழியாகவும் சூட்டுக் காற்று ஏறிக்கொண்டிருக்கும். சாக்பீஸ் பூசும் அன்றைக்கே அதையும் மாற்றிவிடுங்கள்.